ஹாரன் ஓட்டிய ஓசையில்லா வண்டி

கூட்டத்தின் தலைமையையும், மேடையிலேயே மெத்தை வைத்த ஒரே நாற்காலியையும் ஒருசேர ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் நகராட்சி மன்றத் தலைவர் அவர்களே. குறைவாகப் பேசி நிறைவாகச் செய்யும் ஆணையர் அம்மையார் அவர்களே. எதற்கும் எளிதில் தலையசைக்காத, தலையசைத்துவிட்டால் பின்வாங்காத எதிர்வரிசை உறுப்பினர் அவர்களே. வரவேற்புரை என்ற பெயரில் என் உரையில் பாதியை முன்கூட்டியே ஆற்றி என் பாரத்தைக் குறைத்த பொறியாளர் அவர்களே. நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே வரும் நற்பெரியோர்களே. வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்ற ஐயத்தை மடியில் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. துடைப்பத்தால் இந்நகரின் மானத்தைத் தினமும் காப்பாற்றும் தூய்மைப் பணியாளத் தோழர்களே. திருப்பத்தில் திணறாத, மேட்டில் மிரளாத, எந்த விழாவிலும் கடைசி வரிசையிலேயே உட்காரும் ஓட்டுநர் பெருமக்களே. உங்கள் அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் என்று தொகுப்பாளர் சொல்லியிருக்கிறார். அதில் பாதி வணக்கத்திலேயே போய்விட்டது. கவலை வேண்டாம் தம்பி. வணக்கம் உங்கள் கணக்கு. உரை என் கணக்கு.

அன்பர்களே, இந்த மேடையில் நிற்க எனக்கு என்ன தகுதி? நான் பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். அது என் தொழில். இந்த நகராட்சியின் குப்பை லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அதுதான் இன்று என் தகுதி. அவர் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. ஹாரன் என்றால் தெரியும்.

கைதட்டல் போதும். அவர் வெட்கப்படுகிறார்.

ஏன் அந்தப் பெயர்? ஒருமுறை அவருடைய லாரியில் ஹாரன் பழுதானது. மாதங்கள் ஓடின, எவரும் கவனிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் ஓரமா போங்க" என்று அவர் சொன்னால் போதும். எதிரே வரும் பேருந்தே ஓரங்கட்டும். வண்டி பரிசோதனைக்குப் போன அன்றுதான் பழுது தெரிந்தது. "ஹாரன் எங்க?" என்று கேட்டார் அதிகாரி. பணிமனையில் இருந்தவர்கள் ஒரே குரலில் இவரைக் கைகாட்டினார்கள். அன்று வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்த ஹாரனும் இந்த நகராட்சியின் புகையும் என் மாணவிகளும் ஓரிடத்தில் சந்தித்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

தூய காற்று ஊர்வலம் ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? மறந்திருக்க முடியாது, இருமல் மறந்திருக்காது. காற்றைக் காப்போம் என்று கடைவீதியெங்கும் தோரணம். முன்னால் திறந்த ஜீப்பில் தலைவர். அவருக்குப் பின்னால் நகராட்சியின் நான்கு சக்கரப் படை முழுவதும். தண்ணீர் லாரி வந்தது, கழிவுநீர் உறிஞ்சும் லாரி வந்தது, தெருவிளக்கு மாட்டும் ஏணி வண்டி வந்தது, தார் போடும் சாலை உருளை தள்ளாடித் தள்ளாடி வந்தது. கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டியும் வந்தது. அன்றைய ஊர்வலத்தில் மிகக் குறைவாகப் புகைவிட்டது அந்த ஒரு வண்டிதான். மருந்து தீர்ந்திருந்தது.

இத்தனைக்கும் கடைசியில் என் கணவரின் குப்பை லாரி. அந்த லாரிக்கு நேர் பின்னால், கையில் பதாகையோடு, என் மாணவிகள்.

பதாகையின் வாசகம் நான் எழுதியது. "நச்சுப் புகை நமக்கெதற்கு? நல்ல காற்று நமதன்றோ?" வெள்ளை அட்டையில் பச்சை எழுத்து. முதல் தெரு முடிவதற்குள் அட்டை சாம்பல் நிறமானது. இரண்டாம் தெருவில் எழுத்தும் அட்டையும் ஒரே நிறமாகி இரண்டறக் கலந்தன. ஒரு மாணவி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நாம யாருக்கு எதிரா கோஷம் போடுறோம்? முன்னால போற வண்டிக்கா?"

"கோஷத்த மட்டும் போடும்மா. அர்த்தம் நாளைக்கு வகுப்புல சொல்றேன்."

நாளை வந்தது. அர்த்தம் வரவில்லை. இலக்கணத்தில் முரண் என்று ஒன்று உண்டு. அதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது என்பதால் அதையே பாடமாக நடத்திவிட்டேன்.

ஆனால் அந்த ஊர்வலத்தில் இன்னொருவரும் நடந்து வந்தார். அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த ஆணையர் அம்மையார். அவருக்கென்று வண்டி காத்திருந்தது. "பிள்ளைங்க நடக்கும்போது எனக்கு எதுக்கு வண்டி?" என்று எங்களோடு நடந்தார். கூட்ட மேடைக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய கைக்குட்டை கறுத்திருந்தது, முகத்தில் மூக்குக்கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. நெடிய உரை ஒன்று தயாரித்து வந்தவர், அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு இவ்வளவுதான் சொன்னார்.

"நம்ம புகைய நாமளே பார்த்தாச்சு. இனிமே பார்க்கலன்னு சொல்ல முடியாது."

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே. குப்பையை எரிக்காதே என்று வீடு வீடாகச் சொல்பவர் யார்? நாம். அதைச் சொல்லப் போகும் வண்டியின் பின்புறத்தில் என்ன? புகை. மரம் நடு என்று சொல்பவர் யார்? நாம். மரக்கன்றை ஏற்றிச் செல்லும் வண்டியின் பின்புறத்தில் என்ன? புகை. டீசல் எரிகிறது, கரிமம் காற்றேறுகிறது. காற்றேறிய கரிமம் போர்வையாகிறது, போர்வைக்குள் பூமி புழுங்குகிறது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம் இது. பாடம் தெரியும். பாதை மாற்றத்தான் மனம் வரவில்லை.

ஆணையர் பாதையை மாற்றினார். முதலில் வண்டிகளைத் தொடவில்லை, அதில் ஏறுபவர்களைத் தொட்டார். ஒரே தெருவுக்கு மூன்று அதிகாரிகள் மூன்று வண்டிகளில் போவதை நிறுத்தி, ஒரே வண்டியில் ஏறச் சொன்னார். எளிய ஆணைதான். ஆனால் நம் பொறியாளரும் கணக்கு அலுவலரும் என்றோ ஒரு சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கிய பிணக்கில் பல ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். இருவரும் ஒரே ஜீப்பில். ஓட்டுநர் பாவம், நடுவில் தூது.

"சார் கிட்ட சொல்லுங்க, சன்னல மூடச் சொல்லி."

"அவர்கிட்ட சொல்லுங்க, எனக்குக் காத்து வேணும்னு."

இப்படியே சில வாரங்கள். பிறகு ஒருநாள் ஓட்டுநர் பொறுமை இழந்து, "நான் ரோட்டப் பார்க்கட்டுமா, உங்க ரெண்டு பேரையும் பார்க்கட்டுமா?" என்று வண்டியை ஓரம் கட்டி இறங்கிக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே இருவரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். பேசியது என்னவோ ஓட்டுநரைப் பற்றிய புகார்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதானே. இன்று இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள், பாருங்கள். டீசலும் மிச்சம், மனக்கசப்பும் மிச்சமில்லை.

அடுத்துத்தான் வந்தன அவை. சோதனைக்கென்று இரண்டு மின்சாரக் குப்பை வண்டிகள். புகைபோக்கி இல்லை, பொங்கும் கரி இல்லை, உறுமல் இல்லை, உதறல் இல்லை. நாம் இப்போது அமர்ந்திருக்கும் இந்த வண்டிக் கொட்டகைக்குள் அவை நுழைந்தபோது ஓட்டுநர்கள் சுற்றி நின்று, மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். ஒருவரும் சாவியின்மேல் கை வைக்கவில்லை. என் கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார்.

"சைலன்சர் எங்க இருக்கு?"

"இதுல கிடையாது அண்ணே" என்றார் கொண்டுவந்தவர்.

"அப்ப இது எதுலதான் மூச்சு விடுது?"

கேட்டுவிட்டு, இந்தப் பொம்மையை எவன் ஓட்டுவான், பாதி வழியில் படுத்துக்கொண்டால் யார் தள்ளுவது, எனக்கு வேண்டாம் என்று ஓர் உரை ஆற்றினார். அது இரண்டாவது மாடியில், மூடிய அறையில், ஆணையரின் காதில் விழுந்தது. ஆணையர் இறங்கி வந்து கேட்டார்.

"எல்லாரையும்விட சத்தமா வேணாம்னு சொன்னது யாரு?"

கொட்டகையே ஹாரனைப் பார்த்தது.

"அவர்கிட்டயே குடுங்க. அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா ஊருக்கே பிடிச்ச மாதிரி."

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? வண்டி எல்லாத் தெருவுக்கும் போனது. எந்தத் தெருவுக்கும் தெரியவில்லை.

இத்தனை காலமும் நாம் எப்படிக் குப்பை கொண்டுவந்து கொட்டினோம் தாய்மார்களே? அடுத்த தெருவில் லாரி உறுமும்போதே வாளியைத் தூக்கினோம். சன்னல் கண்ணாடி அதிர்ந்தால் வாசலுக்கு வந்தோம். கண்ணாடி அதிராத வண்டியை யார் எதிர்பார்த்தார்கள்? பூனை போல் வந்தது, பூனை போல் போனது. நகராட்சித் தொலைபேசி அலறியது. "குப்பை வண்டி வரல." இவர் சத்தியம் செய்தார். "நான் வந்தேங்க." என் வீட்டு வாசலையும் கடந்துதான் போயிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. மாலையில் அவர் வீடு திரும்பியபோது, நிறைந்த குப்பை வாளியும் நானும் வாசலிலேயே நின்று வரவேற்றோம்.

"உன் தெருவுக்கே வந்தேன். நீயே வரலன்னா ஊரு எப்படி வரும்?"

"வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொன்னது என் வினை. மறுநாள் முதல் சொல்லத் தொடங்கிவிட்டார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "குப்பை" என்று முழங்கினார். உறங்கிய குழந்தைகள் எழுந்தன, எழுந்த பெரியவர்கள் மாத்திரை தேடினார்கள். வாரக் கடைசியில் ஒரு காலையில் அவர் வாயைத் திறந்தார்; வெறும் காற்று வந்தது. ஆம், தூய காற்று.

குரல் போனால் என்ன, மணி இருக்கிறதே என்று நான் எண்ணினேன். எங்கள் பள்ளியில் மின்மணி வந்தபிறகு சும்மா கிடந்த பழைய வெண்கல மணியைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கி வண்டியில் கட்டினேன். அருமையான மணி. அதன் நாதம் நகரெங்கும் கேட்டது. எங்கள் பள்ளி வழியாக வண்டி போனபோது, மூன்றாம் பாடவேளையின் நடுவில், என் வகுப்பு முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. நான் தடுப்பதற்குள் பாதிப் பேர் வாசலில். தடுத்து முடிப்பதற்குள் ஐந்து வகுப்புகள் சாலையில். கணித ஆசிரியையும் கைப்பையோடு வெளியே வந்துவிட்டார் என்பதை அவருடைய கண்ணியம் கருதி நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இப்போது வண்டியில் தொங்குவது வேறு மணி. சிறியது, தொண்டை மெலிந்தது. வண்டியும் தினமும் குறித்த வேளைக்கு வருகிறது. வாளியோடு நீங்களும் வந்துவிடுகிறீர்கள். பழக்கம்தானே.

ஆனால் அவர் குரல் திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா கத்துறீங்க?"

இவரால் பதில் சொல்ல முடியாததால் நான் சொன்னேன். "கத்த மாட்டார் டாக்டர். அவர் பேசுறதே அப்படித்தான்."

மருத்துவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விளக்கைத் தொண்டையிலிருந்து எடுத்துக் காதுக்குள் அடித்தார். பிறகு ஒரு சிறு அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இவர் வெகுநேரம் அழுத்தவே இல்லை. சோதனை இன்னும் தொடங்கவில்லை போலும் என்று வெளியே நின்றிருந்த நான் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். ஒலி வந்துகொண்டுதான் இருந்தது. கதவுக்கு இப்பால் நின்ற எனக்கே அது கேட்டது. உள்ளே அவர், விரலைப் பொத்தானின்மேல் தயாராக வைத்துக்கொண்டு, கவனமாக, காத்திருந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது பாருங்கள். எனக்கும் அன்று நின்றது.

"எத்தனையோ வருஷமா இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கார்மா" என்றார் மருத்துவர். "அந்த இரைச்சல்ல காது கெட்டுப்போச்சு. போனது திரும்பாது. இவருக்கு இவர் குரலே பாதிதான் கேக்குது. அதான் கத்துறார். கருவி குடுக்கலாம். ஆனா லாரிக்குள்ள போட்டா இன்ஜின் சத்தத்ததான் பெரிசாக்கிக் காட்டும். பொறுக்க முடியாம கழட்டி வச்சுடுவார். என்ன வண்டி ஓட்டுறார்?"

"இப்ப மின்சார வண்டி."

மருத்துவர் நிமிர்ந்தார். "அப்ப நாள் முழுக்கப் போட்டுக்கலாமே."

காதில் கருவி ஏறியது. தொண்டைக்கு ஓய்வு கொடுத்து, குரலும் மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பிய குரல் பழைய குரல் அல்ல. தன் காதில் விழும் குரலை எவராவது கத்துவார்களா? வீட்டில் முதல்முறையாக அவர், "கொஞ்சம் தண்ணி குடு" என்று சொன்னபோது, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

கருவியால் எனக்குச் சில இழப்புகளும் உண்டு. அவரைப் பற்றிய என் கருத்துகளைச் சமையலறையில் செந்தமிழில் தெளிவாக எடுத்துரைப்பது வழக்கம். அந்தச் சுதந்திரம் பறிபோயிற்று. பணிமனைத் தோழர்களுக்கும் அதே கதி. அவருக்குப் பின்னால் நின்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அவர் திரும்பி, "அதையும் சொல்லி முடி" என்றபோது ஆளுக்கொரு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்களாம். அங்கே சிரிக்கும் தண்ணீர் லாரி அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்போது எங்கள் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அவளுக்குச் சிறு குரல். ஒருமுறை கணக்கில் தேறவில்லை. அதை அப்பாவின் காதருகே வந்து காதும் காதும் வைத்தாற்போல் சொன்னாள். அவர் கேட்டார்: "என்னது? கணக்குல பெயிலா?" அன்று மாலைக்குள் தெருவே வந்து துக்கம் விசாரித்தது. எதிர் வீட்டு அம்மா பழம் வாங்கி வந்தார். முடிதிருத்தும் கடைக்காரர் தன் மகனும் இரண்டு முறை தேறாதவன்தான் என்று ஆறுதல் சொல்லிப் போனார். அவர்கள் மேல் பிழையில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மகள் அப்பாவிடம் தெருவுக்குத் தெரியக்கூடிய செய்திகளை மட்டுமே சொன்னாள். சாப்பிட்டேன். பள்ளிக்குப் போகிறேன். தூங்கப் போகிறேன். பாசம் குறையவில்லை. பேச்சு குறைந்தது. கேட்க ஆசைப்பட்ட தகப்பன், சொல்ல ஆசைப்பட்ட மகள். இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது ஒரு லாரி.

கருவி வந்த சில நாட்களில், ஒரு மாலை, வேலை முடித்து வந்தவர் கூடத்தில் நின்றபடியே கேட்டார்.

"யாரு ரேடியோ போட்டது?"

"ரேடியோ ஏது? உங்க பொண்ணுதான் பாடிக்கிட்டே வீட்டுப்பாடம் எழுதுறா."

"நம்ம பொண்ணு பாடுமா?"

"எப்பவுமே பாடுவாளே."

"எப்பவுமேவா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுப்பாடம் முடித்து வெளியே வந்தவள், தடுக்கி அவர்மேலேயே விழுந்தாள். "என்னப்பா இங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். "சும்மாதான். நீ போய் இன்னும் கொஞ்சம் எழுது" என்றார். பிள்ளையை இன்னும் வீட்டுப்பாடம் எழுதச் சொல்லிக் கெஞ்சிய தகப்பனை அன்றுதான் கண்டேன்.

ஆனால் தோழர்களே, சோதனைக் காலம் முடிவுக்கு வந்தது. வண்டிகளை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று மன்றம் கூடி முடிவெடுக்கவேண்டும். ஓட்டுநர் சங்கத்தினர் தங்கள் சார்பில் பேச, தொடக்கத்திலேயே ஒருவரைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். யாரை? ஒலிபெருக்கி தேவைப்படாதவரை. வேண்டாம் என்று சொல்வதற்காக.

அவர்கள் அச்சம் வீண் அச்சமா? இல்லை. இன்ஜினே இல்லாத வண்டி வந்தால் பணிமனைக்காரர்களுக்கு என்ன வேலை? புதிதாகப் படித்த பிள்ளைகளைக் கொண்டுவந்து, வயதான ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? முந்தின மாலை, துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நாளைக்கு என்ன பேசப் போறீங்க?"

"தெரியல. அவனுங்க என்னைய நம்பி அனுப்புறானுங்க. நான் நினைக்கிறத சொன்னா அவங்களுக்குத் துரோகம். அவங்க சொன்னத மட்டும் சொன்னா..."

உள்ளறையில் மகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றுமுறை மடித்தார்.

மறுநாள் பார்வையாளர் வரிசையில் நானும் இருந்தேன். நம் மன்றம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள், அதற்கு விவாதம் என்று பெயர். அந்த இரைச்சலுக்கு நடுவே இவரை அழைத்தார்கள். இவர் எழுந்து நின்றார், பேசினார். எவருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றார் எதிர்வரிசை உறுப்பினர்.

"இதுதாங்க என் குரல். எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

ஹாரன் மெதுவாகப் பேசுகிறார் என்றதும் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உறுப்பினர்கள் முன்னால் குனிந்தார்கள். மேசை தட்டும் கைகள் மேசையிலேயே நின்றன. அவர் முதலில் தோழர்களின் அச்சத்தைச் சொன்னார், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் குறைக்காமல். யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பணிமனைக்காரர்களுக்குப் புது வேலையைக் கற்றுத்தரவேண்டும். ஓட்டுநர் எல்லோருடைய காதையும் சோதிக்கவேண்டும். பிறகு சொன்னார்:

"இவ்வளவுக்கும் சம்மதிச்சீங்கன்னா, வண்டிய அனுப்பிடாதீங்க. இது என் சொந்தப் பேச்சு, சங்கத்துப் பேச்சு இல்ல. புகைய நான் தினமும் குடிச்சேன், பழகிடுச்சு. சத்தம் காத தின்னுச்சு, அதுவும் பழகிடுச்சு. எம் பொண்ணு பாடுறது எனக்குத் தெரியாதுங்க. அது மட்டும் பழகல."

உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வரிசை உறுப்பினர் எழுந்தார். எதிர்ப்பார் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். "ஆரம்பத்துல நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?" என்றார். "ஆமாங்க" என்றார் இவர். "நானும்தான் சொன்னேன்" என்றார் உறுப்பினர். "ஒரு நிபந்தனை. வண்டிக்கு ஏத்துற கரண்ட் எங்கேயோ கரிய எரிச்சு வருதுன்னா, புகைய பக்கத்து ஊருக்கு அனுப்புன கதையாயிடும். இந்தக் கொட்டகைக் கூரை சும்மாதானே வெயில்ல காயுது?"

அண்ணாந்து பாருங்கள் அன்பர்களே. உங்கள் தலைக்குமேல் நிழல் தருகின்ற கூரையின் மீதெல்லாம் இன்று சூரியத் தகடுகள். முழுத் தேவைக்கும் அது போதாது, உண்மைதான். மிச்சம் கம்பி வழியேதான் வருகிறது. ஆனாலும் தொடங்கிவிட்டோம். இனி நகராட்சிக்குப் புதிய டீசல் வண்டி வாங்குவதில்லை. பழையவை ஒவ்வொன்றாய் ஓய்வுபெற, அந்த இடத்தில் மின்வண்டி. தீர்மானம் நிறைவேறியது. இன்று இதோ வரிசையாக நிற்கின்றனவே, அவை அதன் முதல் விளைச்சல்.

என்ன ஐயா? சற்று உரக்கக் கேளுங்கள். ஆமாம், நல்ல கேள்வி. இந்தச் சிறு நகரத்தின் சில வண்டிகள் புகையை நிறுத்திவிட்டால் உலகத்தின் வெப்பம் குறைந்துவிடுமா என்று கேட்கிறார். குறையாது ஐயா. உலகத்தின் புகையில் நம் புகை ஒரு துளி. ஆனால் உலகத்தின் புகை என்று ஒன்று தனியாக எங்கே இருக்கிறது? அதற்கென்று ஒரு புகைபோக்கி எங்கே இருக்கிறது? எல்லாம் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வண்டியின் பின்னால், யாரோ ஒரு பிள்ளையின் மூக்கிற்கு முன்னால்தானே தொடங்குகிறது? உலகத்தைக் குளிர்விக்க நமக்கு வலுவில்லை. நம் தெருவைக் கரியாக்காதிருக்க வலுவில்லையா? நாடுகள் பேசட்டும், மாநாடுகள் கூடட்டும், மையிட்டுக் கைச்சாத்திடட்டும். நாம் நம் வண்டியை மாற்றுவோம். அவர்கள் நாளையைப் பற்றிப் பேசட்டும். நாம் நாளைக் காலையைப் பற்றிப் பேசுவோம். நாளைக் காலை நம் தெருவில் புகையில்லை; நாளைக் காலை நம் பிள்ளைக்கு இருமலில்லை; நாளைக் காலை ஓர் ஓட்டுநரின் காது இன்றைக்கு இருந்ததைவிடக் கெடுவதில்லை. இது சிறு செயலா? சிறு செயல் என்றால், சிறு செயலே செய்வோம், தினமும் செய்வோம், திரும்பத் திரும்பச் செய்வோம்.

கைதட்டுவதற்குமுன் ஒரு வேண்டுகோள்.

இந்த மேடைக்குப் பின்னால், வேப்ப மர நிழலில், விருந்தினர் வந்த கார்கள் நிற்கின்றன. வரவேற்புரை தொடங்கிய நேரத்திலிருந்து அவற்றின் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன் வரிசையில் இருப்பவர்கள் ஏன் இருமுகிறீர்கள் என்று நினைத்தீர்கள்? என் தமிழ் நெடியாலா? யாரையும் குறைசொல்லவில்லை. ஓட்டுநர் தம்பிகளே, கொஞ்சம் அணைத்துவிட்டு வருகிறீர்களா?

என்ன தம்பி? அணைத்தால் குளிர்சாதனம் நின்றுவிடுமா? நிற்கட்டும். உள்ளே இருக்கவேண்டியவர்கள் எல்லோரும் இங்கே மேடையில்தானே வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள்? காலி இருக்கைக்கு எதற்குக் குளிர்?

தலைவர் அவர்களே, நீங்கள் எழவேண்டாம். உங்கள் ஓட்டுநர் முன்பே ஓடிவிட்டார்.

ஒன்று நின்றது. இதோ இன்னொன்று. அந்த நீல நிற வண்டி யாருடையது? பொறியாளருடையதா? நன்றி. கணக்கு அலுவலரும் அதில்தான் வந்தாராம், இருவருக்கும் சேர்த்து நன்றி. அதோ, கடைசி வண்டியும் நின்றுவிட்டது.

சற்று இருங்கள்.

கேட்கிறதா? இலை அசைகிறது. யாரோ விசிறுகிறார்கள். ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிடுகிறேன், இனி எனக்கும் அது தேவைப்படாது. இப்படிப் பேசினாலே கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிறதல்லவா? செவிகொடுத்த பெரியோர்களுக்கும், சிரித்துக்கொடுத்த தாய்மார்களுக்கும், தன் கதையை ஊரறியச் சொல்ல இடம்கொடுத்த என் வீட்டுக்காரருக்கும், இடையில் எழுந்துபோகாத அனைவர்க்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி.

அதோ, கடைசி வரிசையில் அம்மாவின் மடியிலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, அந்த டீச்சர் முடிச்சிட்டாங்களா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டதுகூட என் காதுவரை எட்டிவிட்டது.

முடிச்சிட்டேன் கண்ணு. எல்லோருக்கும் வணக்கம்.